இருப்பிடம் தெரியாதவர்

கிராம சுகாதாரச் செவிலியர் செல்லாயியின் பணிப்பதிவேட்டை ரஞ்சனி வாய்விட்டுத்தான் படித்துக்கொண்டு வந்தாள். எழுத்தர் வேலைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. பழைய கையெழுத்துகளைச் சத்தமாகப் படித்தால்தான் பிடிபடும் என்பாள். தொண்ணூறாம் வருடம் வேலையில் சேர்ந்தது, தகுதிகாண் பருவம் முடிந்தது, தொண்ணூற்றைந்தில் மகப்பேறு விடுப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த செல்லாயிக்கு யாரோ தன்னை விரல் பிடித்து நடத்திக்கொண்டு போவதுபோல் இருந்தது. மொபெட் வாங்க முன்பணம் எடுத்த வரி வந்தபோது சிரிப்புக்கூட வந்தது. வண்டி வந்த முதல் வாரத்திலேயே சங்ககிரிப் பாதையில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டது பதிவேட்டில் இல்லை.

வருகிற மே மாதத்தோடு அவளுக்கு அறுபது முடிகிறது. ஓய்வூதியத்துக்கான காகிதங்களை இப்போதே தயார் செய்ய வேண்டும், கணவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ரஞ்சனி போன் செய்திருந்தாள். அதனால்தான் அர்த்தநாரியும் வந்திருந்தார். நாற்காலி இருந்தும் உட்காராமல், வெளுத்த வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக ஜன்னலோரம் நின்றிருந்தார். அரசாங்க அலுவலகம் என்றால் அவருக்கு எப்போதுமே நின்றுதான் பழக்கம்.

ரஞ்சனி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"குடும்ப விவரம் திருத்தம். பணியாளரின் கணவர் திரு. அர்த்தநாரி என்பார் ஓராண்டுக்கு மேலாக இருப்பிடம் தெரியவில்லை எனப் பணியாளர் எழுத்துமூலம் தெரிவித்ததன் பேரில்..."

அங்கே அவள் நிறுத்திக்கொண்டாள். மீதியைக் கண்ணால் மட்டும் படித்தாள். கணவர் பெயர் நீக்கப்பட்டு மகள் சத்யபிரியாவின் பெயர் மட்டும் இருந்தது. பதினான்காம் தேதி, ஆகஸ்ட், இரண்டாயிரம். கீழே நீல மையில் செல்லாயியின் கையெழுத்து, இப்போது போடுவதைவிட உருண்டையாக.

அர்த்தநாரி ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "நீங்க பாருங்க, நா சித்த வெளிய நிக்கறனுங்க" என்று ரஞ்சனியிடம் மட்டும் சொல்லிவிட்டு, வாசலில் கிடந்த செருப்பைக் கால் தடவித் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

"ஐயோ அக்கா, பாக்காம படிச்சுட்டனுங்க்கா" என்றாள் ரஞ்சனி.

"நீ என்ன சாமி பண்ணுவ. எழுதியிருக்கறதத்தான படிச்ச."

"இது இப்படியே இருந்தா ஐயாவுக்குக் குடும்ப பென்ஷன் வராதுங்க்கா. உங்க பொண்ணுக்கும் வராது, கல்யாணம் ஆயிருச்சில்லீங்க. ரெண்டு பேரும் ஒரு வாக்குமூலம் எழுதிக் குடுத்தா சரி பண்ணிரலாம். அவரு எந்தத் தேதியில திரும்பி வந்தாரு, அன்னீலருந்து ஒண்ணாத்தான் இருக்கறோம்னு. அப்பறம் ரெண்டு பேரும் சேந்து நிக்கற போட்டோ."

"அந்த வரிய அடிச்சுருவீங்களா?"

"அடிக்கக் கூடாதுங்க்கா. அது அப்படியேதான் இருக்கும். கீழ புதுசா எழுதுவோம்."

செல்லாயி தலையாட்டினாள். எழுந்துகொள்ளவில்லை. அந்த வரியை எழுதிய நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த ஆடி மாதம், அடுத்த துணை நிலையத்தில் இருந்த நர்ஸ் ஒருத்தி முகாமுக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்துபோனாள். பதிவேட்டில் பெயர் இருந்த குடிகாரப் புருஷன் எங்கேயோ கிடந்தான், பணம் யாருக்கும் வரவில்லை. அவளுடைய அம்மா ஒரு மஞ்சப்பையில் காகிதங்களை வைத்துக்கொண்டு இதே அலுவலக வராந்தாவில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்ததைச் செல்லாயி பார்த்தாள். வீட்டுக்கு வந்து தூங்கிக்கொண்டிருந்த ஐந்து வயதுக் குழந்தையைப் பார்த்தாள். மறுநாளே வந்து எழுதிக்கொடுத்துவிட்டாள். கோபத்தில் செய்யவில்லை என்றுதான் தனக்குத்தானே இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பி வந்தபின் இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ முறை இந்த அலுவலகத்துக்கு வந்திருக்கிறாள். சம்பளப் பட்டியல், தடுப்பூசிக் கணக்கு, ஆய்வுக் கூட்டம். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தை மாற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் படியேறுவாள், மாற்றாமல் இறங்குவாள். வீட்டில் யாரும் அந்த இரண்டு வருடத்தைப் பற்றிப் பேசியதில்லை. மாமியார் சாகும்வரை பேசவில்லை. அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அப்படி ஒன்று தனக்கு நடந்தது என்பதற்கு உலகத்தில் எழுத்தாக இருந்தது அந்த ஒரு வரிதான். அதையும் எடுத்துவிட்டால் எல்லாமே நான் நினைத்துக்கொண்டதாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றும். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது.

அர்த்தநாரி ரோட்டுக்கு அந்தப்பக்கம் புங்கமரத்தடி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் கடைக்காரரிடம் இரண்டு விரலைக் காட்டினார். சிமெண்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"பாப்பா பேரே இருக்கட்டும்" என்றார் கடைசியில்.

"பாப்பாளுக்கு வராதாமா. உங்களுக்கு இல்லீன்னா யாருக்கும் இல்லீங்க."

"இல்லாட்டிப் போச்சாது. எப்படியும் நாந்தான் முன்னால போவேன். மூணு மாடிப்படி ஏறுனா நெஞ்சுக்குள்ள விசிலு ஊதுது. இதுக்கெதுக்கு போட்டோவும் கையெழுத்தும்?"

"யாரு முன்னால போவாங்கன்னு அந்த ஃபாரத்துல எழுதறதுக்கு எடமில்லீங்க மாமா."

அவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். வலதுகைக் கட்டைவிரல் நகம் பாதிதான் இருந்தது. போர் வண்டியில் ராடு மாட்டும்போது நசுங்கியது, கல்யாணத்துக்கு முந்தியே. அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் செல்லாயிக்கு மழைதான் ஞாபகம் வரும்.

கல்யாணமான புதிதில் அவருக்கு ரிக் வண்டியில் டிரில்லர் வேலை. ஐப்பசி பிறந்ததும் போர் போடும் வண்டியும் கம்ப்ரசர் லாரியும் வடக்கே கிளம்பிவிடும். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஒரிசா. ஊர்ப்பெயர்கள் அவளுக்கு மணியார்டர் தாளில் இருந்துதான் தெரியும். வடக்கே மழை பிடித்து மண் சேறானபின் வேலை நடக்காது, வண்டிகள் திருச்செங்கோட்டுக்குத் திரும்பிவிடும். அதனால் மற்ற பெண்கள் பொங்கலையும் தீபாவளியையும் எதிர்பார்ப்பதுபோல் அவள் வானொலியில் வடநாட்டு மழைச் செய்தியை எதிர்பார்ப்பாள். நாக்பூரில் மழை என்றால் இன்னும் பத்து நாள். கிரீஸ் வாசத்தோடும் கறுத்த முகத்தோடும் வந்து இறங்குவார். பையில் கண்ணாடி வளையல், ஏதோ ஒரு ஊர்க் காரச்சேவு, ஒருமுறை மண்ணில் செய்த ஒட்டகம். மூன்று மாதம் வீட்டில் இருப்பார். நள்ளிரவில் பிரசவத்துக்கு ஆள் வந்து கூப்பிட்டால் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடப்பார். பிரசவ வீட்டு வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். குழந்தை அழும் சத்தம் கேட்டதும் அந்த வீட்டு ஆம்பிளைகளுக்கு முந்தி அவர்தான் எழுந்து நிற்பார்.

தொண்ணூற்றெட்டில் அவரும், அவரோடு வண்டியில் ஓடிய மருதாசலமும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து பழைய ரிக் ஒன்றைப் பங்குக்கு எடுத்தார்கள். அர்த்தநாரியின் பங்குக்குச் செல்லாயியின் ஏழு பவுன் போனது. அவள்தான் கழற்றிக் கொடுத்தாள். "எத்தனை நாளைக்கு ஊரான் வண்டியிலயே ஓடறது" என்று அவர் கேட்டது அவளுக்கு நியாயமாகப் பட்டது. ஊரில் அவரை யாரும் அர்த்தநாரி என்று சொல்வதில்லை. நர்சம்மா ஊட்டுக்காரரு என்றுதான் சொல்வார்கள். அது அவருக்குக் குத்தியது என்று அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அடுத்த கோடையில் ஒரிசாவில் ஐந்நூறு அடிக்குக் கீழே துளை போடும் ஹேமர் பாறையில் மாட்டிக்கொண்டது. ராடுகளும் போயின, வண்டியும் கடனுக்குப் போனது. மற்றவர்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். மருதாசலம் வாசற்படியில் நின்று, தலையைத் தூக்காமல் சொன்னார்: "விஜயவாடாவுல டீ குடிக்க எறங்குனான் அம்மிணி. ரயிலு கெளம்புச்சு, அவன் ஏறுல."

அந்த மழைக்கு அவர் வரவில்லை. அடுத்த மழைக்கும் வரவில்லை.

"வந்த தேதி வேணுமாமா" என்றாள் செல்லாயி. "எழுதிக் குடுக்கோணும்."

"வந்த தேதியா? அது ஆரு கண்டா."

"இருபத்தொண்ணு, ஒண்ணு, ரெண்டாயிரத்தொண்ணு. ஞாயித்துக்கெழமை."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"போலியோ சொட்டு மருந்து ரெண்டாவது சுத்துங்க. எனக்கு எப்படி மறக்கும்?"

பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டு, மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அன்று. காலை வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வரிசைக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றிருந்தார். தாடி, எலும்பும் தோலுமான உடம்பு. குழந்தை இல்லாமல் வரிசையில் நிற்கிற ஆளைப் பார்த்து ஆயா விரட்டப் போனாள். செல்லாயி ஆயாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். தை மாதம் அது. மழையே இல்லாத காலத்தில் அவர் வந்தது அந்த ஒரு தடவைதான். பேசினால் சொட்டு கூடக்குறைய விழுந்துவிடும். அடுத்த குழந்தை, அடுத்த குழந்தை என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மத்தியானம் செங்கல் சூளைக்கும் காட்டுக் கொட்டாய்களுக்கும் போகக் கிளம்பியபோது அவர் வந்து ஐஸ் பெட்டியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். சாயங்காலம் வரை பின்னாலேயே நடந்தார். கடைசிக் கொட்டாயில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பாப்பா பெருசாயிட்டாளா?" என்று கேட்டார். "ஊட்டுலதான் இருக்கறா, வந்து பாருங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பின் அவர் வடக்கே போகவே இல்லை. திருச்செங்கோட்டில் ஒரு ரிக் பட்டறையில் கண் மங்கும்வரை வேலை பார்த்தார். இப்போது நான்கு ஆடு வளர்க்கிறார். அவளுடைய சம்பளம் எவ்வளவு என்று இன்றுவரை கேட்டதில்லை. டீக் காசுகூட அவளிடம் வாங்குவதில்லை.

டம்ளரைப் பெஞ்சில் வைத்தார் அர்த்தநாரி.

"குண்டூர்ல மொளகா மண்டியில மூட்டை தூக்குனேன்" என்றார். லாரி ஒன்று இரைந்துகொண்டு போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தார். "அந்த மொளகாத் தூசுலதான் நெஞ்சு இப்படி ஆயிருச்சு. ஏழு பவுனச் சம்பாரிச்சிட்டுத்தான் ஊருக்குப் போறதுன்னு இருந்தேன். ஒரு பவுனு காசுகூடச் சேரல. வெறுங்கையோட வந்தா உன்ற சம்பளத்துல உக்காந்து திங்கோணும். அதுக்குத்தான் ரயிலு ஏறுல."

இருபத்தைந்து வருடம் கேட்காத கேள்விக்குப் பதில் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அவள் என்னென்னவோ நினைத்திருந்தாள். இன்னொரு பெண், இன்னொரு வீடு, அங்கே ஒரு குழந்தை என்றுகூட.

"மார்கழியில ஒரு நாளு மண்டிக்குப் பக்கத்துல மேசை போட்டு ஒரு நர்சம்மா உக்காந்திருந்தாங்க. தெலுங்குல கொழந்தைகளக் கூப்புட்டுட்டு இருந்தாங்க. உன்ற மருந்துப் பொட்டியாட்டவே, அதே நீலக் கலரு. முந்தானைய இடுப்புல செருகியிருந்தாங்க, நீ செருகுறாப்பல. மூட்டைய எறக்கி வெச்சிட்டுப் பாத்துட்டே நின்னுட்டேன். மேஸ்திரி வந்து வஞ்சான். அடுத்த மாசமே கெளம்பிட்டேன்."

"ஏனுங்க இத்தன வருசமாச் சொல்லுல?"

"நீ கேக்குல."

"நா கேக்காட்டி?"

மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நீ எழுதுனது சரிதான் அம்மிணி" என்றார். "நா எங்கிருந்தேன்னு உனக்கு எப்படித் தெரியும்? அந்தப் புள்ள படிக்கறப்போ ஒரு மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான்."

"நா செத்ததுக்கப்பறம் அந்தப் பென்ஷன வாங்கறதுக்கும் வெக்கந்தானுங்களா?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "வெக்கந்தான்."

"அப்ப இந்த முப்பத்தஞ்சு வருசத்துல ராத்திரி டார்ச் லைட்டப் புடிச்சுட்டு நடந்தது ஆரு? பொட்டியத் தூக்குனது ஆரு? பாப்பாளப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனது ஆரு? கவர்மெண்டு எனக்குக் குடுத்த வேலையில பாதிய நீங்க பாத்திருக்கறீங்க. சம்பளந்தான் எம் பேருல வந்துச்சு." அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் தணிந்த குரலில் சொன்னாள்: "எந்திரிங்க. மத்தியானச் சோத்துக்கு முந்தி அந்தப் புள்ளைகிட்டக் குடுத்துரலாம்."

உடனே அவர் எழுந்திருக்கவில்லை. அவள் கடைக்காரரிடம் காசை நீட்டினாள். வழக்கமாக அந்தக் கையைத் தடுப்பவர், அன்று தடுக்கவில்லை.

ரஞ்சனி வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தாள். அர்த்தநாரி நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டாவது வரை படித்தவர்தான், ஆனாலும் தானே எழுதுகிறேன் என்றார். ஒவ்வொரு எழுத்தையும் மேசையோடு முகத்தை வைத்து எழுதினார். நடுவில் நிமிர்ந்து, "வராம இருந்ததுக்குக் காரணம் எழுதோணுமுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா. ஒரு வரி போதும்."

எழுதி முடித்த தாளை வாங்கிப் பார்த்த ரஞ்சனி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வெட்கத்தினால் வரவில்லைன்னு எல்லாம் எழுதக் கூடாதுங்கய்யா. வேலை நிமித்தம் வெளிமாநிலத்தில் இருந்தேன்னு எழுதுங்க."

"அது பொய்யில்லீங்களே?"

"வேலைதானுங்கய்யா பாத்தீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு தாள் வாங்கினார். முதல் தாளைச் செல்லாயி எடுத்து நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். ரஞ்சனி அதைப் பார்த்தாள்.

பிறகு அடுத்த படிவத்துக்குப் போனாள். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை மொத்தமாக முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம், அதற்குத் தக்கபடி மாதாமாதம் குறையும், பதினைந்து வருடம் கழித்து மறுபடி முழுசாக வரும், அக்காவுக்கு ஏதாவது ஆனால் ஐயாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்தில் அது குறையாது என்று விளக்கினாள். "எடுக்கறீங்களாக்கா, வேண்டாமா?"

செல்லாயி கணவரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

"நா என்ன சொல்றது? உன்ற காசு."

"கேக்கறனுல்லீங்க. சொல்லுங்க."

அவர் மேசை விளிம்பைப் பாதி நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். ரஞ்சனி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவர் மனதுக்குள் ஏதோ கூட்டுவது உதட்டசைவில் தெரிந்தது.

"எடுத்துக்க" என்றார். "ஊட்டுக்கு மேல ஓடு மாத்தோணும், ஒழுகுது. பதினஞ்சு வருசத்துல உனக்கு எழுவத்தஞ்சு, எனக்கு எம்பத்திரண்டு. திரும்ப முழுசா வர்றப்போ பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்" என்றாள் செல்லாயி. ரஞ்சனி படிவத்தில் குறித்துக்கொண்டாள்.

போட்டோ மட்டும் பாக்கி. சங்ககிரி மலை தெரிகிற கடைவீதியில் மாடிப்படி ஏறினால் ஸ்டுடியோ. பதினெட்டுப் படிக்கு அர்த்தநாரி இரண்டு முறை நின்றார், செல்லாயியும் நின்றாள். போட்டோக்காரர் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, "இன்னும் கிட்ட வாங்கம்மா, சின்ன சைஸு, தோளு தொட்டாத்தான் ரெண்டு மொகமும் உள்ள அடங்கும்" என்றார். கல்யாணத்தில் எடுத்த போட்டோவில்கூட இருவருக்கும் நடுவில் அவருடைய தங்கை நின்றிருப்பாள். செல்லாயி நகர்ந்து உட்கார்ந்தாள். சட்டை வழியாக அவர் மூச்சு வாங்குவது தோளில் தெரிந்தது. விளக்கு பளிச்சிட்டபோது அவர் கண்ணை மூடிவிட்டார். மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. எட்டுப் படம் கொடுத்தார்கள். நான்கை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மீதி நான்கோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

டவுன் பஸ் நிறைந்து வந்தது. முன்வழியாகச் செல்லாயி ஏறினாள், அவர் பின்வழியாக ஏறினார். கண்டக்டர் அவளுக்கு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார். "ரெண்டு டிக்கெட் குடுங்க, முன்னால அவிகளும் நம்மாளுதான்" என்று அர்த்தநாரி சொல்வது கூட்டத்துக்கு மேல் கேட்டது. "பொம்பளைங்களுக்குச் சும்மா தானுங்கய்யா. உங்களுக்குத்தான் காசு" என்றார் கண்டக்டர். யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்ததுபோல் இருந்தது.

சிமெண்ட் ஆலைப் பிரிவில் நாலைந்து பேர் இறங்கினார்கள். செல்லாயிக்கு இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒன்று கிடைத்தது. ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள். ஆலை ஷிப்ட் முடிந்த பெண்கள் சாப்பாட்டுக் கூடைகளோடு ஏறினார்கள். "ஆளு வருதுங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். "வாராரு" என்றாள் செல்லாயி. பஸ் கிளம்பிக் குலுங்கியது. ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துக்கொண்டு, வழிவிடச் சொல்லிக் கேட்டபடி, அவர் கூட்டத்துக்குள் மெதுவாக முன்னால் வந்துகொண்டிருந்தார். அவள் வெளியே ஓடும் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கையை இருக்கையிலிருந்து எடுக்காமல்.